98 புள்ளி வாங்கிய நாபா கேபர்னேயை 400 டாலர் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், குறைவாகச் செய்து பட்டியலில் உள்ளவர்களுக்கே விற்கும் ஒரு 'கல்ட்' ஒயினரியின் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, இப்போது இடம் கிடைத்திருக்கிறது என்கிறார். மூன்று பாட்டில் கேபர்னே (அந்தப் பெயருள்ள கருந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்), ஒவ்வொன்றும் 400 டாலர், விமர்சகர் போட்டது நூற்றுக்கு 98 புள்ளி. இந்த வருடம் வாங்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைத்திருக்கிறார்கள். நான் சான் ஹோசேவாசி. நண்பர்கள் சிலர் காசு போட்டு இந்த ரகப் பாட்டில்களை அவ்வப்போது திறப்போம். குடித்துப் பார்க்காத ஒயினை மூன்று பாட்டில் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

இந்த மோகம் 1990களில் தொடங்கியது. ஸ்க்ரீமிங் ஈகிள் என்ற நாபா ஒயினரி தன் முதல் ஒயினை 1992 அறுவடையில் செய்தது. செய்தவர் ஹைடி பேரட். விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு 99 புள்ளி கொடுத்தார். இருந்ததோ சில நூறு பெட்டிகள்தான். 2000இல் நாபா ஏலத்தில் அதன் 6 லிட்டர் பாட்டில் ஒன்று 5 லட்சம் டாலருக்குப் போனது. அது தொண்டுக்காக நடக்கும் ஏலம், சந்தை விலை இல்லை. ஆனால் பெயர் பரவ அது போதாதா? ஹார்லன், கோல்ஜின், பிரயன்ட் என்று அப்படிப்பட்ட ஒயினரிகளின் வரிசை வளர்ந்தது.

சரி, 400 டாலரில் ஒயினுக்கு எவ்வளவு? நாபா கேபர்னே திராட்சை சராசரியாக ஒரு டன் 9,000 டாலர் அளவில் விற்கிறது. ஒரு டன்னில் சுமார் 700 பாட்டில் வரும். அப்படியென்றால் பாட்டிலுக்குப் பதின்மூன்று டாலர் திராட்சை. பேர் பெற்ற தோட்டத்தில் டன் ஐந்து மடங்கு விலை என்றாலும் 65 டாலர்தான். ஒயினை முதிரவைக்கும் புது பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய் ஆயிரம் டாலருக்கு மேல், அதில் 300 பாட்டில் அடங்கும். பாட்டிலுக்கு நாலைந்து டாலர் வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் விலை, ஆள்கூலி எல்லாம் உண்டுதான். அதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவதில் பெரும்பகுதி, எல்லோருக்கும் கிடைக்காது என்பதற்காகக் கொடுக்கும் காசு.

அடுத்து புள்ளி. நூற்றுக்கு என்று பெயரே தவிர, கணக்கு 50இல்தான் தொடங்கும். 2008இல் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டி நடுவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மற்றவற்றோடு கலந்து மூன்று முறை கொடுத்தார்கள். பத்தில் ஒரு நடுவர்தான் ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார். அப்படியிருக்க, 94க்கும் 98க்கும் நடுவே இருநூறு டாலர் வித்தியாசம் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் புள்ளியால் ஒரு பயன் உண்டு: ஒயினின் பாணி தெரியும். பார்க்கருக்குப் பிடித்தது நன்கு பழுத்த, அடர்த்தியான ஒயின். இளம் வயதில் அப்படியொன்றைத் திறந்தால் கிளாஸில் மை ஊற்றியது போல நிறம். வாயில் முதலில் கருந்திராட்சை ஜாம், அப்புறம் சாக்லேட், ஓக்கின் வனிலா. விழுங்கும்போது 15 சதவீத ஆல்கஹால் தொண்டையில் சூடு காட்டும், ஈறில் துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். முதல் வாய் அபாரம். இரண்டாவது கிளாஸை மீதி வைத்துவிட்டுப் போகிறவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. எனக்கும் சாப்பாட்டோடு குடிக்க இது கனம்தான். கேத்தி கோரிசன் 1987 முதல் அதே நாபாவில், ஆல்கஹால் குறைவாக, மெலிந்த பாணியில் கேபர்னே செய்கிறார். அவருடைய வயதான பாட்டிலும் உங்கள் 400 டாலருக்குள் கிடைக்கும். நான் அதைத்தான் எடுப்பேன்.

முதலீடு என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். உச்சியிலுள்ள சில பெயர்களைத் தவிர, பல நாபா ஒயின்கள் ஏலத்தில், ஒயினரி முதலில் விற்ற விலைக்கும் கீழேதான் போகின்றன. அதிலும் ஏலக்காரர் கமிஷன் பிடிப்பார். அதுவரை 13 டிகிரி செல்சியஸில் வைக்கும் செலவும் உங்களுடையது.

இப்போதைக்கு ஒயினரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஒரே பாட்டில் எடுத்தால் இடம் நிற்குமா என்று கேளுங்கள். சரி என்றால் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 67 டாலர், 125 மில்லி வரும். குடிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே டிகேன்டரில் (ஒயினுக்குக் காற்றுப்படச் செய்யும் அகலமான கண்ணாடிக் குடுவை) ஊற்றிவையுங்கள். பாட்டில் காலியானதும் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் இன்னொன்றுக்குக் காசு எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மற்ற இரண்டைப் பற்றி யோசிக்கலாம்.