கதிரியக்க மருத்துவர் பதில்கள்: சி.டி. ஸ்கேன்

கேள்வி: அப்பாவுக்குத் திடீரென வலது கையும் காலும் செயலிழந்தன. தலை சி.டி. ‘நார்மல்’ என்றவர்களே பக்கவாதத்துக்கு மருந்தும் ஏற்றினார்கள். முரணில்லையா?

பதில்: இல்லை. அந்த நேரத்தில் சி.டி. எடுப்பது முதன்மையாக மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்வதற்கே. புதிய கசிவு படத்தில் வெள்ளையாகத் தெரியும். இரத்தக்குழாய் அடைப்பால் பாதிக்கப்பட்ட பகுதியோ முதல் சில மணி நேரம் சாதாரணமாகவே காட்சியளிக்கக்கூடும். அடைப்புக்குக் காரணமான இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் உறுப்புகளை வேறுபடுத்திக் காட்டும் மருந்து) அவசியமா?

பதில்: கல்லை மட்டும் பார்ப்பதற்கு அவசியமில்லை.

கேள்வி: இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் போடலாமா?

பதில்: போடலாம். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு இதே ஊசிக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை முடிவும் பழைய படங்களும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 60 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. சலுகை விலையில் முழு உடல் சி.டி. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் வாங்கிக் கொடுக்க இது புடவை அல்ல. கழுத்து முதல் இடுப்பு வரை ஒரு முறை எடுத்தால் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்து நாலைந்து ஆண்டுகளில் நாம் பெறும் கதிர்வீச்சு. அந்த வயதில் அதனால் வரும் ஆபத்து சிறியதுதான். பெரிய தொல்லை, தேடாமல் அகப்படுபவை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி என ஏதாவது ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் கெடுதல் செய்யாதவைதான் என்றாலும் அறிக்கையில் எழுதாமல் விட முடியாது. எழுதிவிட்டாலோ வீட்டில் யாருக்கும் தூக்கம் இராது. அப்படியொரு புள்ளிக்காக மூன்று முறை சி.டி. எடுத்துக்கொண்டு வந்த ஆசிரியை ஒருவருக்கு, அது பழைய தழும்பு என்று 8 ஆண்டுகளுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு ஐந்தே நிமிடத்தில் சொன்னேன். அந்தப் படம் அதுவரை அவர் வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. பல ஆண்டுகள் கடுமையாகப் புகைபிடித்து 50 வயதைக் கடந்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் நுரையீரல் சி.டி. வேறு கணக்கு. அம்மாவுக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) இரத்த அழுத்த, சர்க்கரைப் பரிசோதனைகளும் செய்யுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியுள்ளேன். என்ன நோய்?

பதில்: ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்த ஃபிலிமில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. வயது இல்லை, எதற்காக எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. வயிற்று சி.டி. என்பது நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள். குறுந்தகட்டையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே செல்லுங்கள்.