ஐம்பது என்று அடித்தால் நின்றுபோகிறது

கேள்வி: பைத்தான் படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. 1 முதல் 100 வரை கம்ப்யூட்டர் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதினேன். தோழி 'ஐம்பது' என்று எழுத்தில் அடித்ததும் புரோகிராம் நின்றுவிட்டது. அடித்தது இலக்கமா என்று பார்க்க இஸ்டிஜிட் சேர்த்தேன், இப்போது -5 அடித்தால் "இது எண் இல்லை" என்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: தோழிக்கு நன்றி சொல்லுங்கள், நல்ல சோதனை செய்திருக்கிறார். கீபோர்டில் எதை அடித்தாலும் இன்புட் அதை ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையாகத்தான் தரும். 50 என்பதுகூட அங்கே 5, 0 என்ற இரண்டு எழுத்துகள்தான். அதை எண்ணாக மாற்றுவது இன்ட், மாற்ற முடியாவிட்டால் வேல்யூஎரர் என்ற பிழை வரும். அதைப் பிடிக்க ஆளில்லாததால்தான் புரோகிராம் நின்றது.

இஸ்டிஜிட் பார்ப்பது வேறு விஷயம்: ஒவ்வொரு எழுத்தும் இலக்கமா என்று மட்டும். கழித்தல் குறி இலக்கம் இல்லை, அதனால் -5 அவுட். ஆனால் வர்க்கத்துக்கு மேலே சின்னதாகப் போடும் ² இருக்கிறதே, அதை இஸ்டிஜிட் ஏற்றுக்கொள்ளும், இன்ட் ஏற்காது, ஆக சோதனையைத் தாண்டிப் போயும் புரோகிராம் நிற்கும். இன்னொரு பக்கம், தமிழ் இலக்கத்தில் ௫௦ என்று அடித்துப் பாருங்கள், இன்ட் அழகாக 50 என்று எடுத்துக்கொள்ளும்! முன்னால் பின்னால் ஸ்பேஸ் இருந்தாலும் கவலையில்லை.

அதனால் நாமே முன்கூட்டி ஊகிக்காமல் இன்ட்டிடமே கேட்டுவிடுவதுதான் சரி. நாம் நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வொயில் ட்ரூ லூப்புக்குள் ஒரு டிரை, அதில் இன்ட்; கீழே பிழையைப் பிடிக்க ஒரு எக்செப்ட். வேல்யூஎரர் வந்தால் "எண்ணாக அடியுங்கள்" என்று சொல்லி மறுபடி கேளுங்கள். எண் வந்த பிறகு 1 முதல் 100க்குள் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், இல்லையென்றால் அதற்கு வேறு செய்தி; -5 அடித்தவரிடம் போய் எண் அடிக்கச் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? இரண்டும் சரியான பிறகே வாய்ப்பைக் கழியுங்கள், கை தவறி அடித்ததற்கு ஒரு வாய்ப்பு போகக் கூடாது.

எக்செப்ட்டில் வேல்யூஎரர் என்று பெயர் போட மறக்காதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வெறும் எக்செப்ட் எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வரப் பார்த்தாலும் லூப் விடாது, டிரைக்குள் ஒரு வேரியபிள் பெயரை நீங்கள் தப்பாக எழுதியிருந்தால் சரியாக 50 அடித்தவரிடமும் "எண்ணாக அடியுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பின்னால் எடை, உயரம் என்று தசம எண் கேட்கும்போது ஃப்ளோட் பயன்படுத்துவீர்கள். அது ஆங்கில எழுத்தில் என், ஏ, என் (nan) என்று அடித்தாலும் ஏற்கும், எண் அல்லாதது என்பதற்கான குறி அது. 1ஐவிடச் சிறியதா, 100ஐவிடப் பெரியதா என்று கேட்டால் இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும், எனவே அப்படி வடிகட்டினால் உள்ளே நுழைந்துவிடும். 1க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று திருப்பி எழுதுங்கள், வெளியிலேயே நின்றுவிடும்.