ஆற்றோரப் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றின் கரையில் போட்டிருக்கும் நடைபாதையில் தினமும் காலையில் நடக்கிறேன். உடம்புக்காக ஆரம்பித்த நடை, இப்போது படம் எடுப்பதற்காகவே போகிறேன் என்று ஆகிவிட்டது. கையில் இருப்பது மொபைல்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. மேலே வெளுத்த வானம், நடுவில் கட்டட வரிசை, கீழே சாம்பல் நிறத் தண்ணீர். நேரில் பார்த்தது எதுவும் அதில் இல்லை. போதாததற்கு, எடுக்கிற நேரம் பார்த்து யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

படங்களைப் பார்த்தேன். கேமரா இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பியவை ஏறக்குறைய அனைத்தும் நின்ற உயரத்தில், எதிர்க்கரையை நேராகப் பார்த்து, கால் நின்ற அதே நொடியில் எடுத்தவை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் அந்த இடத்திலிருந்து அதே படத்தைத்தான் கொடுக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். போகும்போது எடுக்காதீர்கள். மொபைல் பையிலேயே இருக்கட்டும். பார்த்துக்கொண்டே போய், திரும்பும்போது எடுங்கள். ஆற்றோரப் பாதைக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே ஒரு பக்கம் திறந்த வெளி. தெருவில் கட்டடங்கள் மறித்துவிடும் காலை வெயில், தண்ணீரின் மேல் தாழ்வாக, தடையில்லாமல் வந்து விழும். போகும்போது அது உங்கள் முதுகில் அடித்தால் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். முதலில் தட்டையாக, பெயின்ட் அடித்த இரும்பாக மட்டும் தெரிந்த கைப்பிடிக் கம்பி, எதிர்வெயிலில் விளிம்பு மட்டும் மின்னும் கோடாகிவிடும். இலைகள் உள்ளிருந்து பச்சையாக ஒளிரும். ஆறு வளைகிற இடமெல்லாம் வெயில் விழும் பக்கமும் மாறும். அந்த வளைவுகளைப் போகும்போதே மனதில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்து தண்ணீர். உங்கள் படங்களில் அது சாம்பல் பட்டையாக இருப்பதற்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. நேர்கீழே பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாய அது ஏறும். செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வரும். ஆகவே பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்து எடுத்தால் கலங்கலும் பாசியும்தான் கிடைக்கும். பிம்பம் வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். படித்துறை இருந்தால் கடைசிப் படிக்கு முந்தைய படியில் உட்கார்ந்து, மொபைலைத் தலைகீழாகப் பிடியுங்கள். பெரும்பாலான மொபைல்களில் லென்ஸ் மேல் முனையில் இருப்பதால், தலைகீழாகப் பிடித்தால் அது தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிடும். இரண்டு அடி நகர்ந்ததில் படம் அடியோடு மாறிப்போவதைப் பார்ப்பீர்கள். நெடுநேரம் குனிய முடியாவிட்டால் பரவாயில்லை, தொலைவில் உள்ள தண்ணீரை ஜூம் செய்து எடுத்தாலும் அந்தச் சாய்வு கிடைக்கும்.

பிம்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. தண்ணீரில் தெரிவது கரையில் தெரிவதன் தலைகீழ் நகல் அல்ல. உங்கள் கண் தண்ணீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரிகிறது. பாலத்தின் அடிவயிற்றை, வளைவின் உட்பக்கக் கற்களை, பாதையிலிருந்து நீங்கள் சரியாகப் பார்க்கவே முடியாதவற்றைத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும். லேசாகக் காற்று வீசினால் விளக்கின் பிம்பம் நீண்டு ஒளித்தூணாக உங்களை நோக்கி வருகிறதல்லவா? ஒவ்வொரு சிற்றலையிலும் உங்கள் பக்கம் சரியான கோணத்தில் சாய்ந்த துண்டு அந்த விளக்கைத் தனித்தனியாகக் காட்டுவதால் வருவது அது. சூரியன் மறைந்த பிறகு, வானம் முழுக்க இருட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம், விளக்கொளியும் வானத்தின் நீலமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒளித்தூண்களை அப்போது எடுங்கள். அப்புறம் இருட்டிவிட்டால் கறுப்பில் மஞ்சள் புள்ளிகள்தான் மிஞ்சும்.

உங்கள் படங்கள் பலவற்றில் கட்டடங்கள் சாய்ந்திருக்கின்றன. எதிர்க்கரையின் நீர்க்கோட்டைக் கிடைமட்டமாக வைக்கப் பார்த்திருக்கிறீர்கள். கடலில் அது சரி. ஆற்றில் கரை நம்மைவிட்டு விலகிப் போகும்போது நீர்க்கோடு சாய்ந்துதான் தெரியும். அதை நிமிர்த்தினால் ஊரே சரிந்துவிடும். விளக்குக் கம்பத்தின் உச்சியையும் தண்ணீரில் அதன் பிம்பத்தின் உச்சியையும் பாருங்கள். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தால் படம் நேராக இருக்கிறது.

வெளுத்த வானத்துக்கு மருந்து எளிது. திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள். கட்டடங்கள் கறுத்தால் கறுக்கட்டும்.

ஆட்கள் குறுக்கே வருவதைப் பற்றி நான் முற்றிலும் வேறு கட்சி. 1838-இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர் பாரிஸின் பெருந்தெரு ஒன்றைப் படம் எடுத்தார். பதிவாகச் சில நிமிடங்கள் பிடித்ததால் நடந்தவர்கள், வண்டிகள் எல்லாம் மறைந்துபோனார்கள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் தெளிவாகத் தங்கிவிட்டார். தெரு காலியாகத் தெரிந்தது அன்றைய கருவியின் இயலாமையால். நமக்கு அந்தக் குறை இல்லாதபோது எதற்காக ஆட்களை நீக்கப் பாடுபட வேண்டும்? சரியாக நூறு ஆண்டு கழித்து, 1938-இல், புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பிரான்சில் நீர்க்கரையில் உட்கார்ந்து சாப்பிடும் சிலரைப் பின்னாலிருந்து எடுத்தார். ஒருவர் கோப்பையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் முதுகுகள்தான் தெரிகின்றன, ஆனால் அந்த ஓய்வு நாள் முழுக்க அதில் இருக்கிறது. அப்படி எடுக்க வேண்டுமானால் நல்ல பின்புலம் உள்ள ஓர் இடத்தில் ஃபிரேமை அமைத்துக்கொண்டு காத்திருங்கள். யாராவது வருவார்கள். உங்கள் ஏழாவது படத்தில் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஓடும் சிறுவன் இன்னும் இரண்டடி உள்ளே வந்திருந்தால், அனுப்பியதிலேயே அதுதான் சிறந்த படம்.

கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள். பாலத்தடியில் தூங்குபவர் அது. வெளிச்சம் அழகாக விழுந்திருப்பது உண்மைதான். ஆனால் வீடு இல்லாதவருக்கு அந்த இடம்தான் படுக்கையறை, தூங்குகிறவரிடம் அனுமதி கேட்கவும் வழியில்லை. மீன் பிடிப்பவர், படகுக்காரர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இவர்களிடமெல்லாம் ஒரு தலையசைப்பில் கேட்டுவிடலாம், மறுத்தால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடலாம். குழந்தையின் முகம் தெரிய எடுப்பதானால் கூட இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு எப்போதாவது கேமரா வாங்கினால், கடையில் லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். இலைகளின் பளபளப்பைக் குறைக்க நல்ல பொருள். ஆனால் தண்ணீரில் பிம்பத்தைத் துடைத்து எடுத்துவிடுவதும் அதுதான், அதனால் ஆற்றங்கரையில் யோசித்து மாட்டுங்கள். அதுவரை உங்கள் ஆற்றுப் பாலத்தைக் கீழ்ப்படியிலிருந்து, மொபைலைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம். எடுத்ததும் அனுப்புங்கள்.

அன்புடன்.