வாசகர் கேள்வி: மவுண்ட் ரோடு, அண்ணா சாலை

கே: ஆங்கிலேயர் காலத்தில் சென்னை கவர்னராக இருந்த மன்றோவின் சிலையில், குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) இல்லை. சிற்பி மறந்துபோய், அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டாராமே? (வாசகர், வேலூர்)

ப: சுத்தக் கட்டுக்கதை. சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சென்னையில் அது நிறுவப்பட்டது 1839இல். 1841இல் அவர் இயற்கையாகத்தான் இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் வடித்த நான்காம் ஜார்ஜ் சிலை இருக்கிறது. அதிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. பழங்கால ரோமானியச் சிலைகளை ஒட்டிய பாணி அது. மறதி இரண்டு சிலையிலும் ஒரே மாதிரியா வரும்?

பீடம் உயரம் என்பதால் கிட்டே போனால் குதிரையின் வயிறுதான் கண்ணில் படும். தள்ளி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். மன்றோவின் கால் பிடிப்பில்லாமல் தொங்குவது தெரியும்.

கே: அரை நாளில் நடந்தே பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகி, தாம்பரம்)

ப: அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ஆயிரம் விளக்கு வரை நடங்கள். மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஓமந்தூரார் வளாகத்தில் முதலில் ராஜாஜி மண்டபம். 1802இல் விருந்து மண்டபமாகக் கட்டப்பட்டது; வடிவமைத்த கோல்டிங்ஹாம் ஒரு வானியலாளர்! வாலாஜா சாலை முனையில் அண்ணா சிலை. அவர் முதல்வராக இருந்தபோதே, 1968 ஜனவரி 1 அன்று திறந்தது.

அடுத்து பலரும் கோட்டைவிடும் இடம், அண்ணா சாலை தபால் நிலைய வளாகம். 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அதற்குள்தான் நிற்கிறது. உள்ளே போய் சினிமாக் கொட்டகை எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். இப்போது அதில் இருப்பது தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு; அது எது என்று கேளுங்கள். கூட்டம் இருக்காதென்று ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. வேலை நாளில் போவதே நல்லது.

ஹிக்கின்பாதம்ஸ் 1844இல் தொடங்கிய புத்தகக் கடை, இப்போதுள்ள கட்டடம் 1904ஐச் சேர்ந்தது. ஆயிரம் விளக்கு மசூதியில் தொழுகை நேரம் பார்த்துப் போங்கள்.

கே: எல்.ஐ.சி. கட்டடம் அரசு கட்டியதுதானே? (வாசகர், ஈரோடு)

ப: முடித்தது எல்.ஐ.சி., ஆரம்பித்தது தனியார். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக மு.சித. சிதம்பரம் செட்டியார் போட்ட திட்டம். 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் கட்டடமும் கைமாறியது. 1959இல் திறந்தபோது 177 அடி, 14 மாடி. அன்று இந்தியாவிலேயே உயரமானது. 1975 ஜூலையில் பெரும் தீ விபத்தில் சிக்கியது. பழுதுபார்த்துத்தான் இன்று நிற்கிறது.

கே: ஸ்பென்சர் பிளாசா ஆங்கிலேயர் காலக் கட்டடமா? (வாசகர், கடலூர்)

ப: இல்லை. 1895இல் கட்டிய ஸ்பென்சர் கட்டடம் 1983இல் எரிந்துபோனது. நீங்கள் பார்ப்பது அந்த இடத்தில் பிறகு எழுந்த வணிக வளாகம்.

கே: இந்தச் சாலையில் மிகப் பழைய அடையாளம் எது? (வாசகி, சைதாப்பேட்டை)

ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர், அதுவும் சொந்தக் காசில். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயம். அந்தப் பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் பாலத்தருகே மிஞ்சியிருக்கிறது. பேருந்தில் போனால் தெரியாது, இறங்கித் தேட வேண்டும்.