பெண்கள் பெண் வேட்பாளரைத்தான் ஆதரிக்க வேண்டுமா?

2016-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இளம்பெண்கள் பலர் ஹிலாரி கிளின்டனை விட்டு பெர்னி சாண்டர்ஸ் பக்கம் போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்கைதான் முக்கியக் காரணம். கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய கடன் அவர்கள் கழுத்தை நெரித்தது. அரசுக் கல்லூரிகளில் கட்டணமே கூடாது என்றார் சாண்டர்ஸ். இராக் போருக்கு ஆதரவாக 2002-இல் கிளின்டன் வாக்களித்ததையும் பலர் மறக்கவில்லை.

ஆனால் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமே, பையன்கள் சாண்டர்ஸ் பக்கம் இருப்பதால் பெண்களும் அங்கே போகிறார்கள் என்கிற பொருளில் டிவியில் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்கு இது உண்மையிலேயே வலித்தது. சாண்டர்ஸை ஆதரித்த இளைஞனிடம், எந்தப் பெண்ணுக்காக வந்தாய் என்று யாராவது கேட்டார்களா? அப்புறம், பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்கும் இதே பார்வை கிளின்டனையும் விடவில்லை: குரல் கீச்சிடுகிறது, சிரிக்கவே மாட்டேன் என்கிறார் என்றெல்லாம் குறை சொன்னார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில் பெண்களிடமும் சாண்டர்ஸே முந்தினார்.