புதிதாக வந்தவருக்குச் சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

அன்புள்ள தம்பிக்கு,

ஊரில் பல ஆண்டுகள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர் கணினிகளின் நிர்வாகத்தில் இருந்துவிட்டு இங்கே குடியேறியிருப்பதாகவும், அனுப்பும் விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை என்றும், கையிருப்புச் சேமிப்பைப் போட்டு மூன்று நான்கு கணினித் தொழில்நுட்பச் சான்றிதழ்களைப் பெற்றுவிட்டால் நிலைமை மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒன்று போதும். அதுவும் நீங்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலையை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

புலம்பெயர்ந்து வந்தவருக்குச் சான்றிதழ் தரும் முதல் பயன் அறிவைப் பற்றியதன்று, அடையாளத்தைப் பற்றியது. நீங்கள் படித்த கல்லூரி எப்படிப்பட்டது, வேலை பார்த்த நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் இங்கே விண்ணப்பத்தைப் பிரிப்பவருக்குத் தெரியாது. பல இடங்களில் முதல் சல்லடையைப் பிடிப்பவர் தொழில்நுட்பம் அறிந்தவராகவும் இருப்பதில்லை. எந்த நாட்டில் எழுதினாலும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படும் தேர்வு ஒன்றின் பெயர் உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், அறிமுகமில்லாத பெயர்களுக்கு நடுவே அவருக்குத் தெரிந்த பெயராக அது நிற்கும். நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்கு அது உதவும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் அனுபவத்திற்கு, லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் லினக்ஸ் நிர்வாகிகளுக்கு நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) தேர்வையே நான் பரிந்துரைப்பேன். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது. இயங்கும் கணினியை உங்களிடம் கொடுத்துப் பயனர் கணக்குகள், சேமிப்பகம், நெட்வொர்க் முதலியவற்றை அமைக்கச் சொல்வார்கள். கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் அந்த அமைப்புகள் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். பல சர்வர்களில் செயலிகளை ஒருங்கிணைத்து இயக்கும் குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் நிர்வாகிகளுக்கான சிகேஏ (CKA) தேர்வும் இப்படிக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் இரண்டு மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டிய தேர்வுதான். இவற்றின் கடினம் தெரிந்த பொறியாளர்கள் நேர்காணல் குழுவில் இருந்தால் அடிப்படைக் கேள்விகளில் நேரத்தைச் செலவிட மாட்டார்கள். நேர்காணல் குழுக்களில் பல ஆண்டுகளாக அமர்ந்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இணையம் வழியே கணினி வசதிகளை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனங்களின் தொடக்கநிலைச் சான்றிதழ்கள் கலைச்சொற்களை அறிமுகப்படுத்தும்; உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு அவை வேலை வாங்கித் தருவதை நான் கண்டதில்லை.

பயிற்சி நிறுவனங்கள் புதிதாக வந்தவர்களைத் தேடிவந்து, பல சான்றிதழ்களை ஒன்றாகக் கட்டி, வேலைக்கும் உறுதி என்று சொல்லிப் பெரும் தொகை கேட்கும். பணம் கட்டாதீர்கள். ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வின் பாடத்திட்டத்தை ரெட் ஹாட் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ரெட் ஹாட் லினக்ஸை ஒத்த இலவச இயங்குதளங்களான ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவற்றில் ஒன்றை நிறுவி வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். கசிந்த வினாத்தாள்களை ‘டம்ப்ஸ்’ என்ற பெயரில் விற்பவர்களிடம் நெருங்கவே வேண்டாம். அவற்றை வைத்துத் தேறியது தெரியவந்தால் சான்றிதழ் பறிக்கப்படும். அதைவிடப் பெரிய கேடு, மனப்பாடம் செய்து தேறியவரை நேர்காணலில் முதல் சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ள முடியும் என்பது. விண்டோஸ் நிர்வாகத்துக்காக மைக்ரோசாஃப்ட் வழங்கிய எம்சிஎஸ்இ சான்றிதழ் புகழோடு இருந்த காலத்தில், கணினியைத் தொடாமலே தேறியவர்கள் பெருகியதால் ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்ற ஏளனப் பெயரே உண்டாயிற்று. உழைத்துப் பெற்றவர்களும் அதனால் பாதிக்கப்பட்டார்கள்.

பிற்பாடு தகவல் பாதுகாப்புத் துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அத்துறையின் சிஐஎஸ்எஸ்பி (CISSP) சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அதன் பாடத்திட்டத்தின் 8 பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது மொத்தம் 5 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும், உரிய பட்டப்படிப்பு இருந்தால் அதில் ஓராண்டு கழியும். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி (PMP) சான்றிதழும் இதே போல அனுபவத்தைக் கேட்கும். ஊரில் பெற்ற அனுபவம் இவற்றுக்குச் செல்லும், ஆனால் அதை உறுதிப்படுத்த ஆள் வேண்டும். ஆகவே பழைய மேலாளர்களுடன் தொடர்பு அறுந்துபோகுமுன், நீங்கள் செய்த பணிகளையும் அவற்றின் காலத்தையும் குறிப்பிடும் கடிதங்களை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்களில் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நிறையச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அவற்றின் காலாவதியும் ஒரு காரணம். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் சான்றிதழ்களும் ரெட் ஹாட் சான்றிதழ்களும் பொதுவாக 3 ஆண்டுகளுக்குச் செல்லும்; சிகேஏ சான்றிதழின் காலம் 2024 முதல் 2 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது; குறிப்பிட்ட பணிப்பொறுப்பை ஒட்டி மைக்ரோசாஃப்ட் வழங்கும் சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை என்பது ஆறுதல். நான்கு சான்றிதழ்களைக் கட்டிக் காப்பது நிலையான வருமானம் உள்ளவருக்கே சுமை.

அழைப்பு வந்த பிறகு சான்றிதழைப் பற்றி யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். சேவை முடங்கிய ஓர் இரவில் என்ன செய்தீர்கள், காரணத்தை எப்படிக் கண்டறிந்தீர்கள், மறுபடி நிகழாதிருக்க எதை மாற்றினீர்கள் என்றே கேட்பார்கள். நம்மவர்கள் பணிவின் காரணமாக ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். கேட்பவருக்கோ அதில் உங்கள் பங்கு எது என்று விளங்குவதில்லை. குழு செய்ததைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் செய்ததை ‘நான்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் பாதியை இத்தகைய இரண்டு மூன்று நிகழ்வுகளை எழுதிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

வேலை உறுதியாகி ஊதியம் பற்றிப் பேசும்போது, அடுத்த சான்றிதழின் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் ஏற்கின்றன, சிலவற்றில் இடையில் விலகினால் அத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கையெழுத்திடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.