‘உனக்கு யாரைத் தெரியும்?’ என்று கேட்கிறார்கள் அக்கா

கேள்வி: என் வீடு ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். இப்போது வெள்ளவத்தையில் போர்டிங், வேலை நீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில். பட்டத்தில் இரண்டாம் வகுப்பு கீழ்ப் பிரிவு. சுற்றாடல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆசை, ஆனால் விளம்பரமே கண்ணில் படுவதில்லை. விசாரித்தால் ‘உனக்கு எந்தப் பேராசிரியரைத் தெரியும்?’ என்கிறார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது அக்கா. விட்டுவிடவா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. ஒருவரையும் தெரியாது என்பதை ஏதோ பரீட்சையில் கோட்டை விட்டது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு இடம் ஒன்று வருவதை மேற்பார்வையாளர் தன் இறுதியாண்டு மாணவரிடம் வராந்தாவில் வைத்துச் சொல்லி, அவர் தன் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, அத்தோடு கதை முடிந்தால் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இந்தக் கூத்து இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் புவி விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்களின் இன விவரத்தை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2018இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: சிறுபான்மை இனத்தவர் விடயத்தில் 40 வருடமாக முன்னேற்றமே இல்லை. பிரிட்டனிலும் அதே கவலைதான். 2022இல் ‘ஈக்வேட்டர்’ என்ற திட்டம் தொடங்கி, புவியியல், புவி விஞ்ஞானம், சுற்றாடல் விஞ்ஞானம் மூன்றிலும் சிறுபான்மை இனப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவர ஆய்வுப் பள்ளி, வழிகாட்டிகள், கலாநிதி ஆட்சேர்ப்பைத் திருத்த ஒரு குழு என்று இறங்கினார்கள்.

சரி, உங்களுக்கு வருவோம். கையில் இருக்கிற சரக்கை நீங்களே மதிக்கவில்லை. நைத்திரேற்று அளவு சந்தேகமாக வந்தால் என்ன செய்வீர்கள்? நைத்திரேற்று இல்லாத சுத்த நீரை வெற்று மாதிரியாக ஓட்டிப் பார்ப்பீர்கள், அதே போத்தலை மறுபடி அளப்பீர்கள், மாதிரி எடுத்தவரைக் கூப்பிட்டு ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தாரா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று எவ்வளவு காலத்துத் தலையிடி! அதை ஆராயப் போகிற எவருக்கும் உங்கள் கைப்பழக்கம் தேவை. விண்ணப்பத்தில் ‘ஆய்வுகூட அனுபவம் உண்டு’ என்று ஒற்றை வரியில் அதைப் புதைத்துவிடாமல், நான் இங்கே எழுதியது போலவே எழுதுங்கள்.

பேராசிரியருக்கு ஈமெயில் போடும்போது ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான...’ என்று அரைப் பக்கம் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றி இரண்டு வரி, உங்கள் வேலையைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் நேரான கேள்வி: அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா, உதவித்தொகை உண்டா? மூன்று வாரம் பதில் வராவிட்டால் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள், பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள். இங்கேயே படிப்பதென்றால், முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்) பதிந்து பின்னர் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்ளும் பாதை உங்கள் பெறுபேற்றுக்குச் சரிவருமா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் அரச ஆய்வு நிதி இடங்களை 2021இல் வெளிநாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள், ஆனால் மொத்தத்தில் 30 சதவீதம் வரைதான் என்று எல்லையும் போட்டார்கள். போட்டி கடுமை, தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

கேள்வி: நாங்கள் தகுதி பார்த்துத்தான் ஆள் எடுக்கிறோம். இப்போது எல்லாரும் ‘எல்லாரையும் உள்வாங்கு’ என்கிறார்கள். தகுதியைக் குறைக்கச் சொல்கிறீர்களா?
– ஒரு விரிவுரையாளர், நுகேகொடை

பதில்: யார் குறைக்கச் சொன்னது சேர்? எதைத் தகுதி என்கிறீர்கள் என்று விண்ணப்பங்களைத் திறக்க முன்பே எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் தொண்டராக வேலை செய்திருந்தால் அதற்கு மேலதிகப் புள்ளி கொடுக்கிறீர்கள். அந்த ஆறு மாதமும் போர்டிங் காசு யார் கட்டினார்கள்? அப்பா கட்டினார். அப்போது நீங்கள் புள்ளி போட்டது அப்பாவுக்கு.

சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான். புவி விஞ்ஞானத்தில் கலாநிதிக்குப் பிந்திய ஆய்வு இடங்களுக்கு 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. ‘நல்லவர்’ என்பதைத் தாண்டி ‘அபாரம்’ என்கிற ரகக் கடிதம் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய பாதிதானாம். நம் கடிதங்களை நினைத்துப் பாருங்கள்: பையன் என்றால் ‘கூர்மையான மூளை’, பெண் பிள்ளை என்றால் ‘அடக்கமானவர், நேரத்துக்கு வருவார்’.

நேர்முகத்தேர்வுக் கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். கேள்வி களவு போகாது, பயப்பட வேண்டாம். சர்வதேசப் பாடசாலை ஆங்கிலத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் ஒன்றுமே சொல்லாமல் அழகாகப் பேசுவார், குழு தலையாட்டும். மண் மாதிரிகளை முதுகில் சுமந்து மலை ஏறியவர் வினைச்சொல் தேடித் தடுமாறுவார், குழு மணிக்கூட்டைப் பார்க்கும். இருவர் தனித்தனியாகப் புள்ளி போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் மாதம் எவ்வளவு என்று போடுங்கள், மூன்று மொழியிலும் போடுங்கள்.

கேள்வி: மகள் கண்டல் காடுகளில் ஆய்வு செய்யப் போகிறாள். களப்புக்குள் நாள் முழுக்க நிற்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: அம்மா, முதலையை விடுங்கள், கழிவறையைக் கேளுங்கள். நான் மாணவியாக இருந்தபோது நீர்கொழும்புக் களப்பில் காலை ஆறு மணிக்கு வள்ளம் ஏறினால் பிற்பகல் இரண்டுக்குத்தான் கரை. அதற்காக முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். ஒரு நாள் வெயிலில் தலை சுற்றி, கையிலிருந்த மாதிரிக் குழாய் சேற்றில் விழுந்தது. ‘பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது சரிவராது’ என்று வள்ளத்திலேயே தீர்ப்பு. தந்த பூட்ஸ் எல்லாம் ஆண்களின் 9ஆம் அளவு. இரண்டு சோடி மேஸ் போட்டு, மேலே ரப்பர் பாண்ட் கட்டி நடந்தேன். தண்ணீரும் அளவான பூட்ஸும் இல்லாததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் புறப்பட முன்பே கேட்கட்டும்: எத்தனை மணிக்கு ஒரு தடவை கரைக்கு வருவார்கள், மாதவிடாய் நாளில் பயணத்தை மாற்றலாமா, இரவில் எங்கே தங்குவது, அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, பூட்ஸ் காசு யாருடையது. இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற மேற்பார்வையாளர் என்றால், அதுவும் முதலிலேயே தெரிந்தது நல்லதுதானே.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. கலாநிதிப் படிப்பு சாத்தியமா?
– ஒரு வாசகி, மட்டக்குளி

பதில்: இடத்தைப் பொறுத்தது. பிரிட்டனின் அரச ஆய்வு நிதியில் படிப்பவர்களுக்கு 52 வாரம் வரை மகப்பேற்று விடுமுறை உண்டு, முதல் 26 வாரமும் முழு உதவித்தொகை. பகுதிநேரமாகவும் படிக்கலாம். இங்கே என்றால், பதிவை இடைநிறுத்தி வைக்கலாமா, அந்த மாதங்களில் ஆய்வு நிதி ஓடுமா நிற்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகைக் கடிதத்தில் ‘விடுமுறை’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.